மருதோன்றி இலையில் ஒரு பற்றரி: மட்டக்களப்புக் கல்லடியில் செய்து பார்த்தது

கிடைத்ததை முதலே சொல்லிவிடுகிறேன். மருதோன்றிச் சாயம் ஏறிய கரித்தூள் 200 மில்லிகிராம், எதிரே பழைய டோர்ச் பற்றரியில் இருந்து வெட்டிய நாகத் (துத்தநாகத்) தகடு, நடுவில் நாக சல்பேற்றுக் கரைசல். இதில் 1 கிலோ ஓம் தடையியை மாட்டினால் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுகிறது. திரும்ப ஏற்றவும் முடிகிறது. ஆனால் ஒவ்வொரு தரம் ஏற்றி இறக்கும்போதும் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சேதன மின்வாய்களுக்கு, அதாவது காபன் சேர்வைகளால் செய்த மின்வாய்களுக்கு, உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் இருக்கிற பெரிய தலையிடியும் இதுதான். என்னுடைய ஜாம் போத்தலில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கடையில் எனக்கு வேலை போனும் மடிக்கணினியும் திருத்துவது. செத்துப்போன இலிதியம்-அயன் பற்றரிகள் ஒரு வாளி நிறையக் கிடக்கும். உயர்தரம் படிக்கிற மருமகன் ஒருநாள் அந்த வாளியைக் காட்டி, "மாமா, இதுக்குள்ள இருக்கிற கோபாற்றுக்குப் பதிலா மரம் செடியில இருந்து எடுக்கிற ஒண்டைப் போடேலாதா?" என்று கேட்டான். சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. பலர் அதைத்தான் செய்து கொண்டிருக்கிறார்கள்.

போன் பற்றரியின் நேர்மின்வாயில் பெரும்பாலும் இருப்பது இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு. அடுக்கடுக்கான பளிங்கு, அந்த அடுக்குகளுக்கு இடையில் இலிதியம் அயன் போய் வருகிறது. கிராமுக்கு 140 மில்லியம்பியர் மணி அளவில் பயன்படுத்தலாம். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக்குக் கணக்கு 170. சேதன மூலக்கூறில் அடுக்கு எதுவும் தேவையில்லை. காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கிற காபனைல் கூட்டம் ஓர் இலத்திரனை வாங்கும்போது, அந்த ஒட்சிசனில் ஓர் இலிதியம் அயன் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஏற்றும்போது கழன்று போகிறது. குயினோன் என்ற வகையில் இப்படி இரண்டு காபனைல்கள் எதிரெதிரே இருக்கும். மிகச் சிறிய குயினோனான பென்சோகுயினோனுக்குக் கணக்குப் போட்டால் கிராமுக்கு 496 வருகிறது, கோபாற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல். காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டும்தான். சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஏன் கடையில் வாங்க முடிவதில்லை? இலிதியத்துக்கு எதிரே குயினோன்கள் தருவது பெரும்பாலும் 2 முதல் 3 வோல்ற்றுக்குள். கோபாற்று 4 வோல்ற்றுக்குக் கிட்ட. சேதனப் பொருள் பாரம் குறைந்தது, ஆனால் இடத்தைப் பிடிக்கும். தானாக மின்கடத்தாது, அதனால் நிறையக் கரி கலக்க வேண்டும். பெரும்பாலானவை இலிதியம் இல்லாமலேயே தயாராகின்றன, அப்போது எதிர்ப்பக்கம் இலிதியத்தைக் கொண்டுவர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய மூலக்கூறுகள் பற்றரிக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்து மற்றப் பக்கம் போய்விடுகின்றன.

இது புதிய யோசனையும் அல்ல. 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான அகிரா யோஷினோ 1980களின் தொடக்கத்தில் செய்து பார்த்த மாதிரிக் கலத்தில் மறைமின்வாய் பொலிஅசற்றலீன், அதாவது ஒரு சேதனப் பல்பகுதியம் (பொலிமர்). பிறகுதான் அவர் காபனுக்கு மாறினார். சொனி 1991இல் விற்பனைக்கு விட்டதும் காபன் போட்டதுதான். சாயங்கள் பக்கம் வந்தால், 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினரும் நியூயோர்க் சிற்றிக் கல்லூரியினரும் மஞ்சிட்டி இனத்து வேரில் இருக்கும் பேர்பியூரின் என்ற சிவப்புச் சாயத்தை இலிதியம் மின்வாயாக்கிக் காட்டினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்தில் தோண்டிய சாயவேரின் அலிசரினும் அதே குடும்பம். துணிக்குச் சிவப்பு ஏற்றும் அதே காபனைல்கள்தான் இலிதியத்தையும் பிடிக்கின்றன. மருதோன்றியின் சாயப்பொருளான லோசோனும் குயினோன்தான். இரண்டு இலத்திரன் வாங்கும். மூலக்கூற்று நிறை 174. ஒரு மோல் இலத்திரனின் மின்னேற்றமான 96485 கூலோமை இரண்டால் பெருக்கி, 174ஆலும், மில்லியம்பியர் மணிக்கு மாற்ற 3.6ஆலும் பிரித்தால் கிராமுக்கு 308 மில்லியம்பியர் மணி.

இலிதியத்தோடு இதைச் செய்ய நான் துணியவில்லை. அந்த வேலைக்கு ஆகன் வாயு நிரப்பிய, ஈரம் மருந்துக்கும் இல்லாத பெட்டி வேண்டும். இலிதியம் பற்றரித் திரவத்தில் இருக்கிற உப்பு ஈரம் பட்டால் ஐதரோபுளோரிக் அமிலத்தைக் கொடுக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கல்லடியில் மேசையில் வைத்த உப்புக்கூட மாரியில் தண்ணீர் விடுகிறது. பழைய பற்றரியை உடைத்துத் திரவம் எடுப்போம் என்று மருமகன் சொன்னதற்கு ஒரே பதில்: தொடாதே. இலிதியத்தின் இடத்தில் நாகம், சேதனத் திரவத்தின் இடத்தில் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டோம். இலத்திரன் வாங்குகிற கதையும் கரைந்து ஓடுகிற கதையும் அப்படியேதான் இருக்கும்.

இலை ஆரையம்பதியில் அக்கா வீட்டு வேலியில் இருந்து. பாக்கெட்டில் வருகிற தூளும் கோனும் வேண்டாம். சீக்கிரம் கறுப்பதற்கென்று பரபினைலீன்டைஅமீன் கலந்தவை அவற்றில் உண்டு. தோலுக்கும் கூடாது, அளவீட்டையும் கெடுக்கும், ஏனென்றால் அதுவும் இலத்திரன் கொடுத்து வாங்குகிற பொருள். இலையை நிழலில் காயவைத்து, அரைத்து, அரித்து 100 கிராம் எடுத்தோம். காய்ந்த இலையில் லோசோன் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும்.

நான் உடனே அப்பச்சோடாத் தண்ணீரில் போடப் போனேன். அக்கா விடவில்லை. "தம்பி, தேசிப்புளி விட்டு ராவைக்கு ஊறவிடாட்டி அது சிவக்காது" என்றார். வேதியியலும் அதையேதான் சொல்கிறது. இலைக்குள் லோசோன் தனியாக இல்லை, சர்க்கரையோடு பிணைந்து கிளைக்கோசைட்டாக இருக்கிறது. மெல்லிய அமிலம் அந்தப் பிணைப்பை வெட்டுகிறது, பிறகு காற்றின் ஒட்சிசன் பட்டு நிறமுள்ள குயினோன் ஆகிறது. ஆகவே இளஞ்சூட்டுத் தண்ணீரும் தேசிப்புளியும் விட்டுக் குழைத்து, மூடி வைத்து, காலையில் எடுத்தோம். குழையலின் மேற்பரப்பு செம்மண் நிறம், கரண்டியால் கிளறினால் உள்ளே இன்னும் பச்சை. காற்றுப் பட்ட இடம் எது, படாத இடம் எது என்று வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதில் அப்பச்சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தேசிப்புளியோடு சேர்ந்து பொங்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். லோசோன் வினாகிரியை விடச் சற்று வலிய அமிலம், அதனால் அப்பச்சோடாவே போதும், அது உப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும். இலைப் பச்சையம், மெழுகு எல்லாம் சக்கையோடு நிற்கும். பழைய வேட்டித் துணியில் ஒருதரம், பஞ்சில் ஒருதரம் வடித்தோம். கிடைத்தது கடும் செம்மண்ணிறத் தண்ணீர்.

இனி அமிலம் விட்டால் லோசோன் அடியில் படியும் என்று புத்தகம் படித்தவன் நினைப்பான். வினாகிரி ஒன்றும் செய்யவில்லை; லோசோனைவிட மென்மையான அமிலம் அதை உப்பில் இருந்து முழுக்க வெளியேற்றாது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டதும் சிவப்பு மங்கி மஞ்சளானது. அடியில் மண்ணிறச் சேறும் படிந்தது. ஆனால் நிறம் பெரும்பாலும் மேல் தண்ணீரிலேயே நின்றது, ஏனென்றால் லோசோன் அமிலத் தண்ணீரிலும் ஓரளவு கரையும், எங்களிடம் இருந்ததோ ஒரு கிராமுக்குள். பல்கலைக்கழக ஆய்வுகூடம் என்றால் ஈதர் விட்டுப் பிரிப்பார்கள். கடையில் ஈதர் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை, பக்கத்திலேயே சோல்டரிங் அயன் சுடச்சுட இருக்கிறது.

இந்த இடத்தில்தான் வேலை திசை மாறியது. எப்படியும் லோசோனைக் கரியோடுதானே கலக்கப் போகிறோம்? கரியையே தண்ணீருக்குள் விட்டால் என்ன? தண்ணீர் ஃபில்ற்றர் குழாய்க்குள் இருக்கும் சிரட்டைக் கரி, அதாவது நீராவியில் உயிர்ப்பூட்டிய கரி, 5 கிராம் எடுத்து அம்மியில் அரைத்து அந்த மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கலக்கினோம். சில நிமிடத்தில் தண்ணீர் வெளிறத் தொடங்கியது. ராத்திரி விட்டுக் காலையில் வடித்தபோது ஏறத்தாழத் தெளிந்த தண்ணீர். கரியைக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் 5.9 கிராம். கூடிய 0.9 கிராமும் லோசோன் என்று நான் சொல்லமாட்டேன். மருதோன்றியின் துவர்ப்புப் பொருள்களான தனின்களும் அதில் உண்டு. ஆனாலும் மின்வாய்க்கு வேண்டிய கலவை ஒரே வடிப்பில் தயாராகிவிட்டது.

அடுப்புக் கரி போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மல்டிமீற்றரை இரண்டு கரிக்கும் வைத்துப் பாருங்கள். சிரட்டையை வீட்டில் எரித்த கரி மெகா ஓமில் நிற்கும், மின்கடத்தாது. ஃபில்ற்றர் கரி மிக உயர்ந்த வெப்பத்தில் செய்தது, அது கடத்தும். செத்த டோர்ச் பற்றரிக்குள் இருக்கும் கறுப்புத் தூளை மட்டும் எடுக்கவே கூடாது. அதில் மங்கனீசு ஈரொட்சைட்டு இருக்கிறது. அதுவும் நாகமும் சேர்ந்தால் வெறும் டோர்ச் பற்றரி, 1.5 வோல்ற்று வந்துவிட்டது, மருதோன்றி வென்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டியதுதான்.

கடத்தலைக் கூட்டுவதற்குக் காரீயத் தூள் (ஈயம் அல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைற்று) பத்திலொரு பங்கு. அந்த டோர்ச் பற்றரியின் நடுக் கோலை நன்றாகக் கழுவி அரத்தால் ராவி எடுத்தது. கேகாலைப் பக்கம் போகலவில் சுரங்கத்தில் வெட்டுகிற நரம்புக் காரீயம் உலகத் தரம். கையளவு கிடைத்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, மிகக் கொஞ்சம். புதுத் தேயிலை வடியின் துருப்பிடிக்காத கம்பிவலையை வெட்டி, குழம்பைப் பூசி, காயவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கினோம்.

நாகம் சாதாரண டோர்ச் பற்றரியின் வெளிக் குவளை. அல்கலைன் பற்றரியின் வெளிக்கூடு உருக்கு, அது உதவாது. நாக சல்பேற்று உரக்கடையில் வாங்கியது. பையில் நாகம் எத்தனை வீதம் என்று பார்த்து வாங்குங்கள். 21 வீதம் என்றால் ஏழு நீர் சேர்ந்த பளிங்கு, 33 வீதம் என்றால் ஒரு நீர். முதல் வகையில் 29 கிராமை 100 மில்லிலீற்றருக்குக் கரைத்தால் 1 மோலர் வரும். உரம் சுத்தமாக இருக்காது, அதனால் கரைசலுக்குள் நாகத் துண்டு சிலவற்றைப் போட்டு ஒரு ராத்திரி விட்டோம். செம்பு கிம்பு இருந்தால் அந்தத் துண்டுகளில் கறுப்பாகப் படிந்துவிடும். பிறகு வடித்து எடுத்தோம்.

மருமகனுக்கு முதல் அளவீட்டிலேயே சந்தோசம்: மீற்றர் 1 வோல்ற்றைத் தாண்டிக் காட்டியது. நான் சாயம் ஏற்றாத வெறும் கரியில் இன்னொரு மின்வாய் செய்யச் சொன்னேன். அதுவும் 1 வோல்ற்றைத் தாண்டியது. தண்ணீரில் கரைந்த ஒட்சிசனும் கரியின் மேற்பரப்பும் சேர்ந்தே அவ்வளவைத் தரும். பழத்தில் ஆணி குத்தி மீற்றரைக் காட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். வோல்ற்று எதையும் நிரூபிக்காது. சுமையை மாட்டி எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்த வடிவில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆர்டுயினோ என்ற சிறிய கணினிப் பலகையில் வோல்ற்றைப் பதிந்து வரைபு போட்டோம். வெறும் கரி ஏறக்குறைய நேர்கோடாக இறங்கி ஒன்றரை மணித்தியாலத்தில் 0.5 வோல்ற்றுக்குக் கீழே போனது. அது மேற்பரப்பில் மட்டும் மின்னைத் தேக்கும் கொள்ளளவியின் (கப்பாசிற்றரின்) நடத்தை. மருதோன்றிக் கரி முதலில் அதேபோல் இறங்கி, 0.8 வோல்ற்றுக்குக் கிட்ட வந்ததும் சரிவு தளர்ந்து, நீண்ட நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றது. நாகத்துக்கு எதிரே, இலேசான அமிலத் தண்ணீரில், லோசோனுக்குக் கணக்குப் போட்டால் வருகிற இடமும் அதுதான். நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடியதில் சுமார் 3 மில்லியம்பியர் மணி. வெறும் கரியின் பங்கைக் கழித்தால் 2 அளவில். மின்வாயில் சாயம் 30 மில்லிகிராம், கணக்குப்படி 9 தர வேண்டும். ஐந்திலொரு பங்குதான் வேலை செய்கிறது. கரியின் துளைக்குள் ஆழத்தில் கிடப்பதையும் தனினையும் நினைத்தால் எனக்கு இது மோசமில்லை.

ஏற்றுவதற்குக் கடையின் பவர் சப்ளை. 1.2 வோல்ற்றில் நிறுத்தி, தொடரில் ஒரு தடையி. ஒரு விசித்திரம் இடையில் கண்டோம். இறக்கி முடித்த கலத்தை மூடாமல் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் யாரும் ஏற்றாமலேயே திரும்ப ஏறியிருந்தது. இலத்திரன் வாங்கிய லோசோனிடம் இருந்து காற்றின் ஒட்சிசன் அதைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. வீட்டில் குழையலின் மேற்பரப்பு சிவந்ததும் இதே கதைதான். விளையாட நல்லது, அளவீட்டுக்கு நாசம். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டு அடைத்தபிறகுதான் எண்கள் ஒழுங்காக வந்தன.

இனி அந்த இழப்பு. போத்தலில் முதலில் தெளிந்திருந்த கரைசல் சில சுற்றுகளுக்குப் பிறகு வெளிர் மஞ்சளாகி, பிறகு நன்றாகவே மஞ்சளானது. மின்வாய் தேயிலைப் பை மாதிரி நிறம் விட்டுக்கொண்டிருந்தது. நிறம் கூடக்கூட ஓடும் நேரம் குறைந்தது. கரைந்த லோசோன் நாகத்திடம் போய் நேரடியாகவே இலத்திரனை வாங்குகிறது, அதனால் சும்மா வைத்திருந்தாலும் கலம் இறங்குகிறது.

மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கவிளைவு இருந்தது. லோசோன் பாதி அமிலமாகவும் பாதி உப்பாகவும் நிற்பது பிஎச் 4 அளவில். நாக சல்பேற்றுக் கரைசலும் அங்கேதான் நிற்கிறது, ஆகவே சாயத்தில் ஒரு பகுதி எப்போதும் கரைகிற உப்பு வடிவில் இருக்கும். கார் பற்றரி அமிலம் சில துளி விட்டு பிஎச்சைக் கீழே இறக்கினால் மஞ்சள் குறைகிறது, ஆனால் நாகத்தில் ஐதரசன் குமிழி வரத் தொடங்குகிறது, தகடு தேய்கிறது. கரைசலை நிறைவு வரை செறிவாக்கினோம். சாயத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைகிறது, இது ஓரளவு உதவியது. இரண்டு மின்வாய்க்கும் நடுவே கடதாசிக்குப் பதிலாக உண்மையான செலோபேன் வைத்தது இன்னும் உதவியது. பரிசுப் பொதி சுற்றும் பிளாஸ்ரிக் தாளைச் செலோபேன் என்று விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆவதுதான் செலோபேன். ஆனால் அது கலத்தின் தடையைக் கூட்டுகிறது, சுமையில் வோல்ற்று இறங்குகிறது.

இலிதியம் ஆய்வுகூடங்கள் இதே சண்டையை வேறு ஆயுதங்களால் போடுகின்றன. ஒரு வழி, மூலக்கூறை உப்பாக்குவது: பிரான்சில் தரஸ்கோனும் ஆர்மோனும் சேர்ந்த குழு 2009இல் காட்டிய இலிதியம் தெரப்தலேற்று, பிளாஸ்ரிக் போத்தலின் அமிலத்தில் இருந்தே வரும் உப்பு, சேதனத் திரவத்தில் கரையாது, அது மறைமின்வாய்க்கு. இன்னொரு வழி, சங்கிலியாகக் கோத்துப் பல்பகுதியமாக்குவது. மூன்றாவது வழி, மூலக்கூறுகள் பக்கத்துக்குப் பக்கம் ஐதரசன் பிணைப்பால் இறுக்கிக்கொள்ளும்படி வடிவமைப்பது: 2024இல் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தில் மிர்சியா டிங்காவின் குழு வெளியிட்ட, சுருக்கமாக ரிஏகியூ (TAQ) என்று சொல்லப்படும் பொருள் அப்படித்தான் கரையாமல் நிற்கிறது, மின்னையும் கடத்துகிறது. என் பார்வையில் இந்த மூன்றாவதுதான் கடைக்கு வரும். மற்றவற்றில் கரையாமல் வைப்பதற்கென்றே பாரம் கூடிப்போகிறது, சேதனத்தின் பலமே பாரமின்மைதான்.

கல்லடிக் கணக்குக்கு வந்தால், செலோபேன் போட்ட இரண்டு கலங்களைத் தொடரில் இணைத்துச் சுவர் மணிக்கூட்டுக்குக் கொடுத்தோம். நொடிமுள் ஓடியது, விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் அதை வீடியோ எடுத்தான். நான் போத்தலுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து மஞ்சள் எவ்வளவு என்று பார்த்தேன்.

பாவித்த கரைசலை வாவிக்கும் கானுக்கும் ஊற்றாதீர்கள், கரைந்த நாகம் மீனுக்கு நஞ்சு. சலவைச் சோடாவைக் கரைத்து விட்டால் நாகம் வெள்ளைக் காபனேற்றாகப் படியும். வடித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம், அமிலத்தில் போட்டால் அடுத்த தரத்துக்குத் திரும்பக் கரைசலாகும்.

அடுத்தது மஞ்சிட்டி. சித்த மருந்துக் கடையில் வேர் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் பேர்பியூரின் மூன்று வளையம் கொண்ட அந்திராகுயினோன் வகை. லோசோனைவிடத் தண்ணீரில் குறைவாகக் கரையும், கரியோடும் இறுக்கமாக ஒட்டும். வோல்ற்று இன்னும் கீழே போகும், அது தெரிந்ததுதான். போத்தலில் நிறம் வர எவ்வளவு சுணங்குகிறது என்பதை மருதோன்றிக் கலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.